ஆள் வருது

அந்தக் கர்சீப் இப்போது என்னிடம் இல்லை. நான்கு வருஷம் என் அலமாரியில், மடித்த புடவைகளுக்கு மேலே இருந்தது. வெளிர் நீலம். ஓரத்து மெஷின் தையல் பிரிந்துபோய், அதன்மேல் வெள்ளை நூலால் கையால் தைத்திருக்கும். ஒரு மூலையில் மட்டும் வெள்ளை நூல் தீர்ந்துபோனதோ என்னவோ, சிவப்பு நூல். முகம் துடைக்க வாங்கிய கர்சீப்தான். ஆனால் அதன் சொந்தக்காரர், ரயிலில் பழக்கமான அக்கா, அதால் முகம் துடைத்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் என் முகத்தை. மற்ற நாளெல்லாம் அது தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில், லேடீஸ் பெட்டியில், ஜன்னலோர சீட்டில் எனக்காகக் கிடந்தது.

அந்த ரயிலில் தினம் போகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி தாம்பரத்துக்கு வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். தாம்பரத்தில் புறப்படும் வண்டி காலியாக வந்து நிற்கும். நின்ற இரண்டு நிமிஷத்துக்குள் ஏறியவர்களுக்கு சீட்டு, மற்றவர்களுக்கு நுங்கம்பாக்கம் வரை கம்பி. அக்காவின் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில். பெருங்களத்தூர் ஸ்டேஷன்தான் அவருக்குப் பக்கம். ஆனாலும் ஷேர் ஆட்டோ பிடித்து தாம்பரம் வந்து, ஏழு ஐம்பது வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ஏறிவிடுவார். ஒரு சீட்டில் உட்கார்ந்து, எதிர் சீட்டில் கர்சீப்பைப் போடுவார். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்கு அந்தப் பெட்டியில் பத்திரப்பதிவு ஆபீஸ் முத்திரையைவிட மதிப்பு அதிகம்.

அதற்கும் சட்டம் இருந்தது. ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் இடம் போடலாம். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பெண் துப்பட்டாவை விரித்துத் தன் ஆபீஸ் கூட்டத்துக்கே இடம் பிடித்து, பெரிய சண்டையாகி, பல்லாவரம் வரைக்கும் கூச்சல் கேட்டதாம். அதன் பிறகு பூ கட்டும் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் சைதாப்பேட்டையில் ஏதோ அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ரயிலில் உட்கார்ந்து மல்லிகை கட்டியபடியே எல்லா வழக்கையும் விசாரிப்பார். ஒருத்தருக்கு ஒரு கர்சீப். வண்டி நகர்ந்துவிட்டால் கர்சீப் செல்லாது, நிற்கிறவள் உட்காரலாம். வேலையை விட்டோ ஊரை விட்டோ போகிறவள் கடைசி நாள் ஸ்வீட் வாங்கிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு விழுந்துகொண்டிருந்த கர்சீப் இன்னொருத்திக்கு மாறும்.

எனக்கு அப்படி மாறி வந்ததுதான். எனக்கு முன்னால் அக்கா ஒரு டீச்சரம்மாவுக்கு இடம் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சரம்மா ரிடையராகி, தென்காசிப் பக்கம் தன் சொந்த ஊருக்குப் போய், அங்கே ஒரு பெண்கள் பள்ளியின் விடுதியைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தார். அவர் போன மறுநாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை அக்கா மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நீ சேலையூரு தானே? கேம்ப் ரோடு பஸ்ஸு என்னிக்கி டைமுக்கு வந்துச்சு? நாளையிலருந்து உனக்கு போடறேன், போ" என்றார். என் பெயரைக் கேட்கவில்லை. பெயர் தெரிந்த பிறகும் கூப்பிடவில்லை. கடைசி வரைக்கும் நான் அவருக்குப் பாப்பாதான். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு.

நான் அப்போது நுங்கம்பாக்கத்தில், வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தேன். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, வாஷிங் மெஷின் ஒழுகுகிறது, ஆள் அனுப்புவதாகச் சொல்லி மூன்று நாள் ஆயிற்று என்று ஊர் முழுக்க இருந்து திட்டுவார்கள். திட்டு வாங்குவதற்குத்தான் சம்பளம். எவ்வளவு திட்டினாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்று சொல்ல வேண்டும். அதை எத்தனை முறை சொன்னோம், குரலில் வருத்தம் போதிய அளவு இருந்ததா என்று டீம் லீடர் பதிவு போட்டுக் கேட்பார். ஏழு வருஷம் வருந்தினேன். அம்மா இறந்த அன்று, துக்கம் கேட்க வந்த மாடி வீட்டுப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, என் வாயிலிருந்து அதே வாக்கியம் வந்தது. அவருக்குக் காது மந்தம். நல்லவேளை.

சேலையூரில் அம்மாவும் நானும் இருந்தது வாடகை வீடு. அப்பா முன்பே போய்விட்டார், கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அம்மா போன நாலாவது நாள் நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். லீவு அவ்வளவுதான் என்றார்கள். அன்று முதல் அழைப்பில் ஒருவர், ஃப்ரிட்ஜ் கெட்டதால் தன் அப்பாவின் இன்சுலின் வீணாகிவிட்டது, உன் வீட்டில் யாராவது செத்தால்தான் உனக்குத் தெரியும் என்று கத்தினார். வருந்துகிறோம் சார் என்றேன். குரலில் வருத்தம் போதவில்லை என்று டீம் லீடர் குறித்துக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்ததும் "வந்துட்டியா" என்று கேட்க ஆள் இல்லை. அம்மாவின் தைலப் புட்டி மட்டும் அதே இடத்தில் இருந்தது. வேலையும் தாங்கவில்லை, வீடும் தாங்கவில்லை. காலையில் அந்த நாற்பது நிமிஷ ரயில்தான் நான் மூச்சுவிட்ட நேரம்.

அக்காவின் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பீர்க்கன்கரணையில் பழைய குடும்பம். அப்பா காலத்தில் நிலம் இருந்ததாம். பிறகு அதெல்லாம் மனைகளாகி, அண்ணன் அங்கேயே செங்கல், ஜல்லி வியாபாரம் செய்து மூன்று மாடி வீடு கட்டியிருந்தார். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தவர் பிறகு போகவே இல்லை. ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலை. அங்கே காத்திருக்கிறவர்களின் கோபமெல்லாம் டோக்கன் கொடுக்கிறவள் மேல்தான் இறங்கும். அதனால் எங்கள் இருவருக்கும் தொழில் ஒன்றுதான் என்று சிரிப்பார். வீட்டில் விடியற்காலையில் எழுந்து எல்லோருக்கும் சமைத்துவிட்டுத்தான் கிளம்புவார். "மூணு மாடி, பாப்பா. ஒவ்வொரு போர்ஷனா வாடகைக்கு வுட்டுக்கீது. நான் படுக்கறது ஹால்ல. டிவிய எப்ப நிறுத்தறாங்களோ அப்பத்தான் எனக்கு தூக்கம்" என்பார். அதைப் புகாராகச் சொல்லமாட்டார். ஆனால் ஓர் ஆசை மட்டும் அவருக்கு உண்டு, அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். "உள்பக்கம் தாப்பா போட்டுக்கற மாதிரி ஒரு ரூம். சின்னதா இருந்தா போதும். உள்ள போய் தாப்பா போட்டுக்கினு ஒரு நாள் ஃபுல்லா தூங்கணும். யாரும் வந்து கதவத் தட்டி, அரிசி எங்க, சக்கர எங்கன்னு கேக்கக் கூடாது."

அந்த ரூம் ஒரு நாள் வந்தது. தென்காசிப் பக்கம் போன டீச்சரம்மா மறக்கவில்லை. விடுதி அலுவலகத்துக்கு ஒரு பெண் வேண்டும், சாப்பாடும் தனி அறையும் உண்டு, நீ வருகிறாயா என்று அக்காவுக்கு போன் செய்தார். வருஷக்கணக்கில் தனக்கு இடம் போட்டவளுக்கு அவர் பதிலுக்குப் போட்ட இடம் அது. அக்கா அன்று பெட்டியில் இருந்த எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது, அதற்குள் கொடுத்துவிட்டார். பூப்போட்ட புதுப் பெட்ஷீட் ஒன்றும் வாங்கி, பிரிக்காத கவரோடு எங்களுக்குக் காட்டினார். அந்தக் கவரைத் தடவிப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த இடம் யாருடையது என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ளவே முடியாது.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை. நான் தாம்பரத்தில் படியிறங்கி பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டேன். வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏற முடியவில்லை. காலில் வலி எதுவும் இல்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு என்ன நினைத்தேன் என்பதை எழுத இப்போதும் கை வரவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். வண்டி ஊதியது. அது நகர ஆரம்பித்தபோது, லேடீஸ் பெட்டியிலிருந்து அக்கா இறங்கினார். ஐம்பது வயசு, மூட்டு வலி, ஓடும் வண்டியிலிருந்து இறங்கத் தெரியாது. இறங்கித் தடுமாறி, கைப்பை ஒரு பக்கம் விழ, கர்சீப் மட்டும் கையில் இருந்தது. பூ கட்டும் அம்மா ஜன்னல் வழியாக என்னவோ கத்திக்கொண்டே போனார்.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கர்சீப்பால் என் முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. மூன்று வண்டிகள் போயின. நாலாவது வண்டி வருவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

"நீ போ, பாப்பா. டீச்சரம்மா கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

"வேணாம்க்கா" என்றேன்.

"எனக்கு இன்னா? இத்தினி வருஷம் இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாள்ல செத்தா பூடுவேன்? உன்ன இந்த பெஞ்சுல வுட்டுட்டு அங்க போய் எனக்கு தூக்கம் வருமா? நீ முன்னாடி போ. அங்க இன்னொரு இடம் வந்துச்சுன்னா எனக்கு கர்சீப் போட்டு வையி."

வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. இந்த நான்கு வருஷத்தில் நான் அதிகம் யோசித்தது அந்த இரண்டாவது முறையைப் பற்றித்தான். சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லியிருக்கலாம். "கண்டிப்பா போட்டு வைக்கிறேன்க்கா" என்றேன். கர்சீப் என் மடியில் இருந்தது. துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

வேலையை எழுதிக் கொடுத்தேன். டீம் லீடர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே என் நாற்காலியில் வேறு ஒரு பெண் வருந்தியிருப்பாள். வீட்டைக் காலி செய்தேன். அம்மாவின் பீரோவைக் கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன், தைலப் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலேற்ற அக்கா வந்திருந்தார். புளிசாதப் பொட்டலம் ஒரு கையில், இன்னொரு கையில் அந்தப் பெட்ஷீட், இன்னும் பிரிக்காத கவரோடு. வாங்கமாட்டேன் என்றேன். "ஹால்ல விரிக்கறதுக்கா வாங்கினேன்?" என்றார். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தார். "போனவொடனே தாப்பா போட்டுக்கினு ஒரு நாள் ஃபுல்லா தூங்கு, இன்னா?" என்றார். செங்கல்பட்டு போகிறவர்களும் தென்காசி போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் நிறைந்த அந்தப் பிளாட்பாரத்தில் அவர் புடவை நிறம் சீக்கிரமே தெரியாமல் போனது. துவைத்த கர்சீப் என் பையில் இருந்ததே எனக்கு வண்டலூர் தாண்டித்தான் ஞாபகம் வந்தது.

அந்த அறை சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஓர் அலமாரி, மலையைப் பார்த்த ஜன்னல். கதவின் உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். போட்டால் கனமாக ஒரு சத்தம் வரும். போனவுடன் போட்டேன். அக்கா சொன்னபடி ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன். அடுத்த நாள் எழுந்தபோது, ஏழு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போயிருந்தது. அங்கேயும் எனக்கு போன் எடுக்கும் வேலை உண்டு. ஆனால் பேசுகிறவர்கள் பிள்ளைகளின் அம்மாக்கள். சாப்பிட்டாளா, தலைக்குக் குளித்தாளா, என்னைத் தேடுகிறாளா என்று கேட்பார்கள். நான் நன்றாகிவிட்டேன். அதை ஒளிக்க வேண்டியதில்லை. அந்த ஊரும் அந்த அறையும் என்னைப் பிழைக்க வைத்தன. அக்காவுக்கு அந்த முதல் வருஷம் வாரம் தவறாமல் பேசினேன்.

இரண்டாவது வருஷம் டீச்சரம்மா உடம்புக்கு முடியாமல் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்; அவர் வேலைக்கும் அறைக்கும் புது வார்டன் வந்தார். அலுவலகத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கும் சேர்த்து இன்னொரு பெண் வேண்டியிருந்தது. பள்ளிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களாம்மா? தனி ரூம் இப்போதைக்கு இல்ல. உங்க ரூம்லயே இன்னொரு கட்டில் போட்டுக்கிடலாம்" என்றார்.

நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என்ன ஆயிற்று என்றால், அந்தக் கணத்தில் என் கண்ணில் பட்டது அக்கா இல்லை, என் தாழ்ப்பாள். உள்ளே இன்னொருவர் இருந்தால் அதைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். அதோடு, அக்கா வந்தால் தினமும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவருடைய இடத்தில் நான் முதலில் உட்கார்ந்துவிட்டேன் என்பது தினமும் என் எதிரில் இருக்கும். தாம்பரம் பிளாட்பாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் வருவதுபோல் பயந்தேன். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். இரண்டு நாள் கழித்து, "அப்படி யாரும் இல்ல சார்" என்றேன். உள்ளூரிலிருந்து தினமும் வந்துபோகிற ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த மாதமே அக்கா போனில் கேட்டார். எப்போதும் கேட்காதவர், சிரித்துக்கொண்டே கேட்டார். "அங்க இடம் கிடம் எதுனா வந்துச்சா பாப்பா? இங்க அண்ணன் பையனுக்குக் கல்யாணம், ஹாலும் இனிமே எனக்கு இல்லன்னு நெனைக்கறேன்." நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே, "இல்லக்கா, வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்றேன். அவர் நம்பினார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அதன் பிறகு அவரிடம் பேசுவதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது. வாரம் என்பது மாதமாயிற்று, மாதம் என்பது பண்டிகையாயிற்று, பிறகு அதுவும் நின்றது. எங்கள் ரயில் பெட்டிக்கு வாட்ஸப் குழு ஒன்று இருந்தது. தினமும் காலையில் "வண்டி லேட்", "ரெண்டாவது பிளாட்பாரம்" என்று வந்துகொண்டே இருக்கும். அதிலிருந்தும் ஒரு நாள் விலகினேன். எனக்கு எதற்குத் தாம்பரம் வண்டியின் நேரம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

இந்த வருஷம் பள்ளி முடியும் தறுவாயில், ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்தில் இடமில்லாமல் தட்டோடு நின்றேன். ஒரு பெஞ்சில் காலி இடம். உட்காரப்போனேன். பக்கத்திலிருந்த ஏழாம் வகுப்புப் பெண் சட்டென்று தன் கையை அங்கே வைத்து, "மிஸ், ஆள் வருது" என்றாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்கு வந்தேன். அலமாரியைத் திறந்து கர்சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். உள்ளூர்ப் பெண் வேலையை விட்டுப் போவதாகச் சொல்லி ஒரு வாரமாகியிருந்தது. அன்றே செயலாளரிடம் போனேன். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், என் அறையிலேயே தங்கிக்கொள்வார், இல்லை, அறை அவருக்கு, நான் கூடத் தங்கிக்கொள்வேன் என்று என்னென்னவோ உளறினேன். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அக்காவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. நேரிலேயே போவதென்று கிளம்பினேன்.

விடிந்ததும் தாம்பரத்தில் இறங்கினேன். ஏழு ஐம்பது வண்டி வரும் வரை அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்றதும் முதல் ஆளாக ஏறி, எங்கள் இடத்துக்குப் போய், ஜன்னலோர சீட்டில் நீலக் கர்சீப்பைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். தெரியாத முகங்கள்தான் நிறைய. ஒரு பெண் வந்து காலியா என்றாள். "ஆள் வருது" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான் அதைச் சொன்னேன். எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? படியில் இறங்கி வரும் ஒவ்வொரு புடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பூ கட்டும் அம்மா ஏறினார். என்னைப் பார்த்தார், கர்சீப்பைப் பார்த்தார். நின்றுகொண்டே இருந்தார்.

"உனக்கு யாரும் சொல்லலியா?" என்றார்.

போன மழைக்காலத்தில், நடைமேம்பாலத்தின் ஈரப் படியில் அக்கா வழுக்கி விழுந்துவிட்டார். தலையில் அடி. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டார், ஆனால் பழைய மாதிரி இல்லை, நீயே போய்ப் பார் என்றார். வண்டி நகர்ந்தது. நின்றுகொண்டிருந்த ஒரு பெண் கர்சீப்பை எடுத்து, மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சட்டப்படி அவள் செய்தது சரி. நான் அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் இறங்கித் திரும்பினேன்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அக்காவின் வீட்டுக்கு நான் போனதே இல்லை. ரயில் சிநேகம் ஸ்டேஷனோடு சரி. ஏரிப் பக்கம் விசாரித்துப் போனேன். மூன்று மாடி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் அண்ணி வந்தார். நான் நினைத்து வைத்திருந்த அண்ணி வேறு. இவர் களைத்துப்போன, கண்ணுக்குக் கீழே கறுத்த ஒரு பெண்மணி. ரயிலில் கூட வந்தவள் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழ் போர்ஷன் ஒன்றைக் காலி செய்து அக்காவுக்குக் கொடுத்திருந்தார்கள். கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"தப்பா நெனைக்காதம்மா" என்றார் அண்ணி. "விடிஞ்சா போதும், எழுந்து புடவ கட்டிக்கினு ஸ்டேஷனுக்கு கெளம்பிடறாங்க. ரெண்டு தபா ஜிஎஸ்டி ரோட்டுல லாரிக்கு நடுவுல நின்னுகினு இருந்தாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு?"

தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார். திறந்த கதவின் உள்பக்கம் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள் இருந்தன. நான் அதைப் பார்ப்பதை அவர் கவனித்தார். "உள்ள ஒண்ணு இருந்துச்சு. இங்க வந்த மொத நாளே போட்டுக்கினாங்க. காலையில போட்டது, சாயங்காலம் வரைக்கும் தொறக்கல. நாங்க பயந்துபோய் கதவ ஒடைச்சோம். பாத்தா, நல்லா தூங்கிக்கினு கீறாங்க. அதுக்கப்புறம் அத கழட்டிட்டோம்."

அக்கா கட்டில் நடுவில் நேராக உட்கார்ந்திருந்தார், ரயிலில் உட்காரும் அதே மாதிரி, கைப்பை மடியில். முடி வெட்டப்பட்டு வெள்ளையாக வளர்ந்திருந்தது. அவர் காலடியில் மண்டியிட்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்: இடம் வந்திருக்கிறதக்கா, இரண்டு வருஷத்துக்கு முன்பே வந்தது, நான்தான் சொல்லவில்லை. அதில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. கர்சீப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். அதைப் பார்த்தார். மூலையில் இருந்த சிவப்பு நூலைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகம் தெளிந்தது. அக்கா என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, முன்பின் தெரியாதவர்களிடம் சிரிப்பதுபோல் மரியாதையாகச் சிரித்தார். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் கர்சீப்பை விரித்து, நாலு ஓரமும் சுருக்கமில்லாமல் நீவிவிட்டார்.

நான் எழுந்து, அவர் பக்கத்தில் உட்காரப் போனேன்.

கையை நீட்டித் தடுத்தார். கோபமில்லை; டோக்கன் கொடுக்கிறவரின் பொறுமை அந்தக் குரலில் இருந்தது.

"அங்க உக்காராதம்மா. பாப்பாக்குப் போட்டுக்கீது. கேம்ப் ரோடு பஸ்ஸு லேட்டு. ஆள் வருது."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.